றஸ்க் சூட்டில ஒரு மூக்கு

அவவுக்கு ஒரு ஆளை முழுசாப் பாக்கத் தெரியாது. துண்டு துண்டாத்தான் பாப்பா. மீன் விக்கிற மனுசியிட்ட பாரை என்ன விலை எண்டு கேட்டுக்கொண்டு நிப்பா, கண் அந்த மனுசியின்ட விரல் மொளியில நிக்கும். ஓட்டோக்காரப் பெடியனோட கதைக்கேக்க அவன்ட காதைப் பாத்துத்தான் கதைப்பா. காது கேக்கிறதுக்குத்தானே இருக்கு, அதில என்ன பிழை எண்டு நீங்கள் கேக்கலாம். திடீரெண்டு அந்தக் காதைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பி, அசையாம நில்லடா எண்டு சொன்னா அவன் என்ன நினைப்பான்? ஒரு பெடியன் பயந்துபோய் அவவை ஏத்துறதையே விட்டுட்டான்.

என்னோட கதைச்சதெல்லாம் என்ட மூக்கோட. கடைக்கு வந்த முதல் நாள் தொடக்கம் அதுதான். பாண் கேப்பா, மூக்கிட்டக் கேப்பா. சுகம் விசாரிப்பா, மூக்கை விசாரிக்கிற மாதிரி இருக்கும். என்ட மூக்கு அப்பிடி ஒண்டும் பாக்கத்தக்க மூக்கில்லை. புத்தளத்தில அகதி முகாமில இருக்கேக்க பைப்படியில நடந்த வாளிச் சண்டையில ஒரு மனுசி விசுக்கின வாளி பட்டு, நடுவால முறிஞ்சு, இடப்பக்கம் திரும்பிப் பொருந்தினது. நேர போறன் எண்டு வெளிக்கிட்டு ஒழுங்கைக்குள்ள திரும்பின மாதிரி இருக்கும்.

நான் மன்னார் ரவுணில, உப்புக்குளத்துப் பக்கம், பேக்கரி வச்சிருந்தனான். முஸ்லிம் ஆக்களெல்லாம் ஊரை விட்டுப் போகவேணும் எண்டு இயக்கம் சொன்ன வருசம், வாப்பா பாண் சுட்ட போறணையை அப்பிடியே விட்டுட்டு வள்ளத்தில ஏறினனாங்கள். சண்டை முடிஞ்சு திரும்பி வந்து பாத்தா வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடக்குது. செங்கல்லால கட்டின அந்தப் பாண் போறணை மட்டும் பத்தைக்குள்ள குந்திக்கொண்டு இருக்குது. உள்ளுக்க ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. எங்களுக்குச் சொன்ன மாதிரியே அதுக்கும் வெளிக்கிடு எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. குட்டியள் கண் முழிச்சு, நடந்து, அதுகளாப் போன பிறகுதான் நெருப்பு வச்சனான்.

அவ பள்ளிமுனைக்காரி, கத்தோலிக்க வேதக்காரி. நாங்கள் போன அதே வருசம் அவவும் போனவ, நாங்கள் தெற்கால, அவ மேற்கால இந்தியாவுக்கு. ரெண்டு பேரையும் கொண்டுபோனது ஒரே கடல்தான். அவவையும் மனுசனையும் ஏத்தின வள்ளம் மணல் தீடைக்குக் கிட்டப் பிரண்டது. அவவை ஆரோ தலைமயிரில பிடிச்சு இழுத்துப் போட்டாங்கள். மனுசன் வரேல்லை. உடம்பும் வரேல்லை. கலியாணப் படம் வீட்டோட போச்சு, அடையாள அட்டை சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்தபடியா அவனோடயே போச்சு. சேமக்காலையில ஒரு கல்லறை இல்லை, சுவரில மாட்ட ஒரு படமில்லை. இந்தக் கதையை எனக்குச் சொல்ல அவ கனகாலம் எடுத்தா. ஆனா நீங்கள் இப்பவே தெரிஞ்சுகொண்டு வாசிக்கிறதுதான் நல்லது, இல்லாட்டி அவவை விசரி எண்டு நினைப்பியள். நான் நினைச்சனான்.

அவட தொழில் கோயில்களில உடைஞ்ச சுரூபச் சிலையளைத் திருத்துறது. இந்திய முகாமுக்குக் கிட்டப் பிள்ளையார் செய்யிற ஆக்களிட்டக் கூலிக்குப் போய்ப் பழகினவவாம். சண்டையில சனம் மட்டும் கைகால் இழக்கேல்லை எண்டு சொல்லுவா. அந்தோனியாருக்குக் கை இல்லை, சூசையப்பருக்குத் தலை இல்லை, செபஸ்தியாருக்கு அம்பெல்லாம் அப்பிடியே இருக்கு, ஆளிலதான் பாதி இல்லை. இது அவ சொன்னது. நான் சொன்னா ஊர் ரெண்டாப் போயிடும். சீமெந்தாலயும் சுண்ணாம்புப் பசையாலயும் தோள்மூட்டு, முழங்கால் எல்லாம் ஒட்டிப்போடுவா. விரல்தான் அவவுக்குச் சத்துரு. சீமெந்தில விரல் செய்தா ஒண்டில் உலக்கை மாதிரி இருக்கும், இல்லாட்டி திருநாளில சனம் தொட்டுக் கும்பிட்ட உடன முறிஞ்சு விழும்.

அப்பதான் ஜேர்மனியில இருக்கிற அவட பெறாமகள், தமக்கை மகள், ஒரு பொதி அனுப்பினவள். சவர்க்காரக் கட்டி மாதிரிப் பெட்டி பெட்டியா ஒரு களி. உருட்டலாம், கீறலாம், நகம்கூட வரையலாம், போறணையில வச்சு எடுத்தாக் கல்லு மாதிரி இறுகுமாம். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என்ட கண்ணாடி அலுமாரிக்கு மேல, பணிசுக்குப் பக்கத்தில வச்சுப்போட்டு, எங்கட ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுற மாதிரி நானா எண்டு கூப்பிட்டு, என்ட மூக்கைப் பாத்துச் சொன்னா:

"நானா, அந்தோனியாருக்கு விரல் சுட வேணும்."

நான் முப்பது வருசம் மாப் பிசைஞ்சவன். இப்பிடி ஒரு ஓடர் எனக்கு வந்ததில்லை. பள்ளிமுனையில வேற பேக்கரி இல்லையோ அக்கா எண்டு கேட்டன். இருக்கு எண்டா. வேதக்காரன்ட போறணையை விட்டுட்டு என்னட்ட ஏன் வந்தவ எண்டு எனக்கு ஒரு புழு அரிச்சுக்கொண்டே இருந்தது.

பெட்டியில போட்டிருந்த எழுத்து ஒருத்தருக்கும் விளங்கேல்லை. போறணையை நூற்றி முப்பதில வைக்கட்டாம் எண்டு பெறாமகள் போனில சொன்னாளாம். என்ட போறணைக்கு இலக்கம் இல்லை, குணம்தான் இருக்கு. விறகு எரிச்சுத் தணலை வழிச்சு எடுத்த பிறகு, தரையில ஒரு சிமிட்டா மா எறிவம். உடன கறுத்தா பொறுக்க வேணும், மெல்லமாச் சிவந்தா பாண் வைக்கலாம். இதுதான் எங்கட இலக்கம். அவவுக்குப் பொறுமை எண்ட சாமான் பிறவியில இல்லை. பாணோட பாணாத் தள்ளுங்கோ எண்டு நிண்டா. தள்ளினன். கொஞ்சத்தால எடுத்து, பாணுக்குத் தட்டிப் பாக்கிற மாதிரி அந்த விரலையும் தட்டிப் பாத்தன். பாண் வெந்தா கதவில தட்டின சத்தம் கேக்கும். விரல் மெழுகு மாதிரி வளைஞ்சு குடுத்தது. வேகேல்லை எண்டு நான் சொன்னன், வேகேல்லை எண்டு அவவும் சொன்னா, திரும்பவும் உள்ளுக்கத் தள்ளினம். அந்தச் சாமான் ஆறினாத்தான் இறுகும் எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் ஆர் சொன்னது?

அண்டைக்கு வந்த புகையைக் கேக்காதேங்கோ. அந்தோனியார்ட விரல் கொள்ளிக்கட்டையாப் போச்சு. ஒரு போறணைப் பாணும் பிளாஸ்ரிக் வாளி எரிஞ்ச மணம். எங்கட ரவுணில கழுதையள் றோட்டில திரிஞ்சு காட்போட் மட்டை தின்னும், நோட்டீஸ் தின்னும், பழைய செருப்பையும் விடாது. அதுகள்கூட அந்தப் பாணை மணந்துபோட்டு என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சுதுகள். இவ அந்தக் கறுத்த விரலைத் தூக்கிப் பாத்து, வடிவு கெடேல்லை, சூடுதான் கூடிப்போச்சு எண்டு சந்தோசமா வீட்டுக்குப் போனா. பாணைப் பற்றி ஒரு வசனம் இல்லை.

பிறகு நான்தான் வழி சொன்னன். பாண் எடுத்த பிறகு போறணை கனநேரம் சூட்டைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும். மா எறிஞ்சா நிறம் மாறாது. அந்தத் தேய்ஞ்ச சூட்டிலதான் றஸ்க் போடுவம். றஸ்க் எண்டுறது வேற ஒண்டுமில்லை, விக்காத பாணை வெட்டித் திரும்ப வைக்கிறது, பாணுக்கு ஒரு மீள்குடியேற்றம் எண்டு வையுங்கோ. அந்தச் சூட்டில றஸ்க் தட்டோட ஓரத்தில விரலை வச்சம். எடுத்து, தட்டாம, தொடாம, ஆறவிட்டம். ஆறினாப் பிறகு அவ தரையில ஓங்கி எறிஞ்சா. துள்ளி விழுந்தது, உடையேல்லை. அவட முகத்தில நான் முதல் முதல் சிரிப்புப் பாத்தது அப்பதான். முன்வாயில ஒரு பல்லு இல்லை.

அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா வருவா. எங்கட வெயிலுக்கு அந்தக் களி உருகின மாஜரீன் மாதிரி ஆகிப்போகும், கையில எடுத்தாலே அவட ரேகைதான் பதியும், நகம் கீறேலாது. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சா. மீன் வாடியில ஐஸ் பெட்டிக்குள்ள, சூடைக்கும் கீளிக்கும் நடுவில களியை வச்சு, விறைச்ச உடன எடுத்துக் கீறுவா. மீன் முள்ளால ரேகை, பேனை மூடியால நகம், பழைய பல்லுத் தூரிகையால தட்டித் தட்டித் தோலில மயிர்க்கண். பாத்தா உயிருள்ள விரல். மணத்தாலும் அப்பிடித்தான், மீன்காரன்ட விரல்.

அவட கட்டளை ஒண்டு இருந்தது. முன்னால இல்லாட்டி கை பொய் சொல்லும் எண்டு சொல்லுவா. நினைப்பில இருந்து ஒண்டும் செய்யமாட்டா. விரல் எண்டா விரலுக்கு ஒரு ஆள் முன்னால இருக்க வேணும், காதெண்டாக் காதுக்கு. அதால மன்னார்ச் சனத்தில பாதி கோயில்களில துண்டு துண்டா ஏறி நிண்டது. அந்தோனியாருக்கு மீன்காரியின்ட விரல். சூசையப்பருக்குத் தச்சன்ட நாடி, அதில பிழை சொல்லேலாது. சிறகு வச்ச ஒரு சம்மனசுக்கு ஆசுப்பத்திரிக் கங்காணியின்ட காது. அவட பங்குச் சுவாமியைப் பற்றிக் கதைக்கேக்க, மனுசனுக்குப் பிரசங்கம்தான் வராது, கணுக்கால் நல்ல கணுக்கால் எண்டா. சுவாமியின்ட கணுக்காலை அவ எங்க கண்டா எண்டு நான் கேக்கேல்லை.

விதானையார் விசயத்தைச் சொல்லாம விடேலாது. ஊர்ப் பதிவு பாக்கிற எங்கட விதானையார் பொய்ப்பல்லுக் கட்டினவர், காலமை தேத்தண்ணியில றஸ்க் தோய்ச்சுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் என்ட மனுசி றஸ்க்கைப் பையில போட்டுக் கட்டேக்க தட்டோரத்தில கிடந்த பெருவிரலையும் சேத்துக் கட்டிப்போட்டா. நிறம் ஒண்டுதானே, பாவம், அவ என்ன செய்வா? விதானையார் கண்ணாடி போடாம அதை எடுத்து, தேத்தண்ணியில தோய்ச்சு, கடிச்சிருக்கிறார். கடிபடேல்லை எண்டு பாத்தா நகத்தோட ஒரு பெருவிரல்.

இப்ப சிரிக்கலாம். அந்தக் காலத்தில விரல் எண்டா ஆக்கள் உடன சிரிக்கமாட்டினம். கிணறு தோண்டினவன், வேலி போட மண் கிண்டினவன் எல்லாம் என்னென்ன கண்டெடுத்த காலம் அது. விதானையார் அதைப் பேப்பரில சுத்தி, ஒருத்தருக்கும் காட்டாம, கடைக்குக் கொண்டு வந்தார். நல்லகாலம், விரல் செய்தவவும் அங்க நிண்டவ. பேப்பரைப் பிரிச்சு, விரலை வெளிச்சத்தில பிடிச்சு, பல்லுப் பட்ட இடத்தைத் தடவிப் பாத்தா.

"நல்லா இறுகியிருக்கு. பொய்ப்பல்லோ, சொந்தப்பல்லோ?"

விதானையார் பிறகு ஆறு மாசம் எனக்கு முகம் தரேல்லை. அந்த விரலை அவ திருத்தேல்லை. கடி அடையாளத்தோடயே ஒரு கோயில் அந்தோனியாருக்கு ஒட்டினா. சனம் அதைத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுது.

கதை பரவிச்சுது. பள்ளிவாசல் நிருவாகத்தில இருந்த ஹாஜியார் ஒருநாள் கடையில வந்து குந்தி, தேத்தண்ணி குடிச்சு, இருமி, உங்கட போறணையில உருவம் வேகுதாமே எண்டு கேட்டார். நாங்களே இப்பதான் திரும்பி வந்து கால் ஊண்டுறம், ஊர் வாயில விழக்கூடாது எண்ட பயம் எனக்கும் இருந்தது. ஹாஜியார், விரலுக்குக் கண் இருக்கா, வாய் இருக்கா, அது எப்பிடி உருவமாகும் எண்டு கேட்டன். அவர் யோசிச்சார். யோசிச்சு யோசிச்சு ரெண்டு பணிஸ் சாப்பிட்டார். முகம் சுடாத வரைக்கும் பரவாயில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

வீட்டில வேற பிரச்சினை. அந்த வேதக்கார மனுசி உங்கட மூஞ்சியை ஏன் அப்பிடி முழிச்சு முழிச்சுப் பாக்குது எண்டு என்ட மனுசி கேட்டா. எனக்கென்ன தெரியும் எண்டன். ஆனா உள்ளதைச் சொன்னா, எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்தது. அவ வாற நாளில தாடியை ஒருக்காச் சீவிக்கொண்டு நிண்டனான். மனுசி சீப்பைக் கண்டுபோட்டா. அண்டைக்கு இரவு சோத்தில உப்பில்லை.

அடுத்த மழைக்கு முந்தி ஒருநாள் ஒரு முழுத் தலையோட வந்தா. தோடம்பழ அளவு. சுடாத பச்சைக் களி. உள்ளுக்க சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைக் கசக்கி உருட்டி வச்சு, அதுக்கு மேல களி போட்டிருக்கிறா, முழுக்கக் களியாச் செய்தா வெடிக்குமாம். பெறாமகள் அனுப்பினது வெள்ளைக்காரத் தோல் நிறம். அந்தோனியாருக்கு அது சரி, அவர் அந்தப் பக்கத்து ஆள்தானே. இதுக்கெண்டு கறுப்பும் சிவப்பும் மண்ணிறமும் பிசைஞ்சு, எங்கட கடற்கரைக் கறுப்பை அச்சொட்டா எடுத்திருந்தா. முகம் சொல்லி வேலையில்லை. நேர் மூக்கு, வில்லுப் புருவம், எடுப்பான நாடி. ஆரக்கா இது, நல்ல வடிவான ஆள் எண்டு சொன்னன்.

அவ அதை ஒருக்காப் பாத்தா. பிறகு முட்டியால ஓங்கிக் குத்தினா. தலை அடை மாதிரித் தட்டையாப் போச்சு. நான் ரெண்டு அடி பின்னால நகந்து நிண்டன்.

அப்பதான் முதல் தரம் கடைக்குள்ள வந்து கதிரையில இருந்து, எல்லாத்தையும் சொன்னா. வள்ளம் பிரண்டது, தீடை, சேட்டுப் பொக்கற்று, எல்லாம். ஒவ்வொரு வருசமும் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சனமெல்லாம் சேமக்காலையில தங்கட தங்கட ஆக்களின்ட கல்லறையில மெழுகுதிரி கொளுத்தி நிக்குமாம். இவ திரியைக் கையில வச்சுக்கொண்டு எந்தக் குழியில கொளுத்துறது எண்டு தெரியாம, ஊரார்ட கல்லறையளுக்கு நடுவில நடந்து திரிவாவாம். மெழுகு உருகிக் கையில ஊத்துமாம். அதால அவன்ட தலையை ஒருக்காச் செய்து, அவன்ட தாயின்ட குழிக்குள்ளயெண்டாலும் வைக்க வேணும் எண்டு இருக்கிறா. அந்தோனியார், சூசையப்பர் எல்லாம் கை பழகத்தான்.

செய்யலாம்தானே எண்டு நான் கேட்டன். செய்யேலாம இருக்கு எண்டா. ஏனெண்டா முகாமில கிழமைக்கு ரெண்டு தரம் ரிவியில படம் போட்டுக் காட்டினவங்கள். இருபது வருசம். எல்லாப் படத்திலயும் வந்த ஒரு நடிகன்ட முகத்தைப் பாத்துப் பாத்து, இப்ப கண்ணை மூடி மனுசனை நினைச்சா அந்தச் சனியன் பிடிச்ச நடிகன்தான் வந்து நிக்கிறானாம். கை அவனைத்தான் செய்யுதாம். நான் வடிவு எண்டு சொன்னதும் அவனைத்தான்.

"என்ட மனுசன் வடிவில்லை நானா. கறுவல், சாராயத்துக்குப் பொய் சொல்லுவான், குறட்டை விட்டா கடற்கரைக்குக் கேக்கும். கலியாணம் முடிச்ச வருசம் பாதித் தேங்காயால எறிஞ்சு மூக்கை நான்தான் உடைச்சனான். அந்த நடிகனோட நான் எவ்வளவு காலம் குடும்பம் நடத்துறது? எனக்கு என்ட ஆள் வேணும்."

சொல்லிப்போட்டு என்ட மூக்கைப் பாத்தா. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. நெற்றி அவன்ட தமக்கையின்ட மகனிட்ட இருக்கு, காது ஓட்டோக்காரனிட்ட, சொண்டு ஒரு மீன்காரனிட்ட. எல்லாம் கண்டுபிடிச்சுப்போட்டா. நடுவால முறிஞ்சு இடப்பக்கம் திரும்பின மூக்கு மன்னார்த் தீவில என்னட்ட மட்டும்தான் இருந்திருக்கு. பள்ளிமுனைப் பேக்கரிக்காரனுக்கு மூக்கு நேர்.

எனக்குச் சிரிப்பும் வந்துது. கோபமும் வந்துது, பொய் சொல்லக்கூடாது. ஒரு வருசமாத் தாடி சீவினது ஒரு தேங்காய்ப்பாதிக்குத் தெண்டம். அதோட இது முகம், விரலில்லை. முகம் சுடாத வரைக்கும் எண்டு ஹாஜியார் கோடு கீறிப்போட்டுப் போயிருக்கிறார். ஹாஜியாரை விடுங்கோ, என்ட மனசுக்கே ஒப்பேல்லை, அதுவும் என்ட சொந்த மூக்கோட. அக்கா, என்னால ஏலாது எண்டு சொன்னன். அவ ஒண்டும் கெஞ்சேல்லை. தட்டையாப் போன தலையைப் பையுக்குள்ள போட்டுக்கொண்டு எழும்பிப் போனா. வாசலில ஒரு கழுதை குறுக்க நிண்டது, அதின்ட காதைக்கூட அவ பாக்கேல்லை.

வீட்டில போய் மனுசிக்கு எல்லாத்தையும் சொன்னன். கேட்டுக்கொண்டிருந்தவ முந்தானையால கண்ணைத் துடைச்சா. துடைச்சுப்போட்டுச் சிரிக்கத் தொடங்கினா, நிப்பாட்டேல்லை. மூக்குத்தானே, அதுவும் அந்த மூக்கு, ஆரும் கேட்டா குடுத்துவிடுங்கோ எண்டா. அவளுக்குப் புதைக்கிறதுக்கு ஒண்டுமில்லையே எண்டும் சொன்னா. புத்தளத்தில எங்கட மூத்தவனைப் புதைச்சிட்டு வந்தவ அவ, அந்தக் குழி எங்க இருக்கு எண்டு அவவுக்குத் தெரியும்.

அடுத்த நாள் பள்ளிமுனைக்குச் சைக்கிளில போய், வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்தன். அவ வந்து கடை வாசலில என்னை ஒரு பக்கமா இருத்தி வச்சு, மூண்டு நாள் பின்னேரம் என்ட மூக்கைச் செய்தா. நான் ஆடினா அதட்டுவா. தும்மக்கூடாது, மூக்கைச் சொறியக்கூடாது. உங்களுக்கு ஆர் உடைச்சது எண்டு கேட்டா. வாளி எண்டன். தேங்காய்தான் நல்ல உடைவு குடுக்கும், இதில கொஞ்சம் மேல போயிட்டுது, பரவாயில்லை, திருத்தலாம் எண்டா. அல்லா, என்ட மூக்கில பிழை பிடிக்க ஒருத்தி கடல் கடந்து வந்தவ.

சுடுற அண்டைக்கு வெள்ளன வந்திட்டா. தலை ஒரு துணிக்குள்ள. நான் பாக்கேல்லை. பாண் எடுத்து முடிய, போறணைத் தரையில மா எறிஞ்சன். நிறம் மாறேல்லை. மத்தியானம் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிச்சுது. அக்கா, போறணை திறந்து கிடக்கு, றஸ்க் தட்டில இடம் கிடக்கு, நான் தொழப் போறன், நான் இல்லாத நேரம் கடையில என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டுத் தொப்பியைப் போட்டன். தொழுது முடிய ஹாஜியார் பக்கத்தில வந்து, கடையில ஆர் நிக்கிறது எண்டு கேட்டார். றஸ்க் நிக்குது எண்டன். மனுசன் என்னை உத்துப் பாத்தார். கருகவிடாதே எண்டு சொல்லிப்போட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். அவருக்குத் தெரிஞ்சிருந்ததோ எண்டு இண்டைக்கும் எனக்கு யோசினைதான்.

திரும்பி வரேக்க தட்டு வெளியில. றஸ்க்குகளுக்கு நடுவில தலை. அவ கையை நீட்டப் போக, ஆறட்டும் எண்டு தட்டிவிட்டன். ரெண்டு பேரும் மா மூடைக்கு மேல இருந்து அதைப் பாத்துக்கொண்டிருந்தம். நானும் பாத்தன், பாக்காம இருக்கேலாது. வடிவில்லாத மனுசன். ஒடுங்கின நெற்றி, ஒரு பக்கம் தொங்கின சொண்டு, களவெடுத்துப்போட்டு நிக்கிறவன்ட முழி. நடுவில என்ட மூக்கு. ஆனா அது என்ட முகத்தில இருக்கிற மாதிரி இல்லை, அவனுக்கெண்டே முளைச்ச மாதிரி இருந்தது. ஆறின பிறகு அவ அதை ரெண்டு கையாலயும் தூக்கி, மடியில வச்சு, ஒரு விரலால மூக்குத் தண்டைத் தடவினா. பிறகு குரல் எடுத்துப் பேசினா.

"நாயே, இவ்வளவு காலமும் எங்கயடா போய்க் கிடந்தனி?"

அழுதவ. அப்பிடி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. பாண் வாங்க வந்த ரெண்டு பேர் வாசலிலயே நிண்டுபோட்டுத் திரும்பிப் போச்சினம். என்ட மனுசி உள்ளயிருந்து தண்ணி கொண்டுவந்து குடுத்து, அவட முதுகைத் தடவிக்கொண்டு நிண்டா. நான் றஸ்க்கைப் பையில போட்டுக்கொண்டிருந்தன், எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.

பங்குச் சுவாமி முதலில சம்மதிக்கேல்லையாம். பொம்மையை எப்பிடி மந்திரிச்சுப் புதைக்கிறது எண்டாராம். உங்கட கோயிலில நிக்கிற ஆக்களின்ட பாதி உடம்பு என்ட வேலைதான், அதுக்குத் தூபம் காட்டுறியள், இதுக்கு மட்டும் என்ன எண்டு இவ கேட்டிருக்கிறா. கணுக்காலைப் பற்றியும் ஏதும் சொன்னாவோ தெரியாது. சுவாமி ஓம் எண்டிட்டார்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு நானும் போனனான். உள்ளுக்குப் போகேல்லை, சேமக்காலைக் கேற்றடியில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். எங்கும் மெழுகுதிரி, பூ, சனம். அவ மனுசன்ட தாயின்ட குழிக் கரையில கையால மண்ணைத் தோண்டி, துணியில சுத்தின தலையை வச்சு மூடினா. சுவாமி தண்ணி தெளிச்சார். அவ திரியைக் கொளுத்தி, மண்ணில ஊண்டி, பக்கத்தில சப்பாணி கட்டி இருந்தா. மற்றச் சனம் எழும்பிப் போன பிறகும் இருந்தா. திரி அடிவரைக்கும் எரிஞ்சுது. கையில மெழுகு ஊத்தேல்லை.

பிறகு எழும்பி, சீலையில மண்ணைத் தட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்தா. அவ என்ட மூக்கைப் பாப்பா எண்டு பழக்கத்தில நான் முகத்தை ஒரு பக்கமாத் திருப்பிக் குடுத்தன். அவ பாக்கேல்லை. நேர என்ட கண்ணைப் பாத்தா. அவ்வளவு காலப் பழக்கத்தில அண்டைக்குத்தான் முதல் தரம். பாத்துக்கொண்டே நிண்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. ஏதோ நன்றி சொல்லப்போறா எண்டு நினைச்சு, அதெல்லாம் வேணாம் எண்டு சொல்ல வாயைத் திறந்தன்.

"நானா," எண்டா, "உங்களுக்கு ஒரு கண் சின்னன், தெரியுமோ?"